காது அடைப்பும் ஒரு பிரெஞ்சு வார்த்தையும்

ஏற்காட்டிலிருந்து சேலம் இறங்கும் பேருந்தில் அடிக்கடி பார்க்கிற காட்சி இது. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதி தாண்டியிருக்கும். அதுவரை ஜன்னலில் குரங்கு பார்த்துக்கொண்டு வந்த ஏதோ ஒரு குழந்தை திடீரென்று காதைப் பொத்திக்கொண்டு அழும். உடனே பேருந்தே வைத்தியராகிவிடும். "எச்சில் விழுங்கச் சொல்லும்மா" என்பார் ஒருவர். "தண்ணி குடு, தண்ணி குடு" என்பார் இன்னொருவர். பின் சீட்டிலிருந்து ஓர் அம்மாள் கமலாப்பழச் சுளை ஒன்றை நீட்டுவார். குழந்தை அதை மென்று விழுங்கும், காது விட்டுவிடும், அழுகையும் நின்றுவிடும். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். இந்த மலையில் எல்லோருக்கும் காது அடைத்த அனுபவம் உண்டு.

புதுச்சேரியில் கடல் மட்டத்திலேயே பிறந்து வளர்ந்து, அங்கேயே அரசு எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மனைவி போன பிறகு, இங்கே ஆசிரியையாக இருக்கும் மகளோடு வந்து தங்கிவிட்டேன். ஒன்பது வருடமாக இந்தப் பேருந்துக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஒன்று குத்தும். அது ஏன் என்று போன டிசம்பர் வரை யாரிடமும் சொன்னதில்லை.

போன டிசம்பரில் நடந்ததைச் சொல்கிறேன். மருமகனுக்குச் சென்னையில் வேலை. பள்ளி விடுமுறைக்கு மகளும், ஐந்து வயதுப் பேரனும், பதினான்கு மாதப் பேத்தியும், துணைக்கு நானும் சென்னை போவதாக ஏற்பாடு. பேரனுக்கு விமானத்தில் ஏற வேண்டும் என்று ஒரே ஆசை. சேலம் விமான நிலையத்தின் கதை நம் பக்கத்துக்காரர்களுக்குத் தெரிந்ததுதான். ஓமலூர் அருகே காமலாபுரத்தில் 1993இல் திறந்தார்கள். விமானம் வரும், சில காலம் ஓடும், நின்றுவிடும். 2018 மார்ச்சில் உடான் திட்டத்தில் சென்னைக்கு விமானம் விட்டார்கள், அதுவும் நின்றது. மறுபடி 2023 அக்டோபரில் தொடங்கியது. "இது நிற்பதற்குள் ஒரு தரம் ஏறிவிடுவோம் மாமா" என்று மருமகன் சிரித்துக்கொண்டே நான்கு பேருக்கும் டிக்கெட் எடுத்துவிட்டார். பேத்திக்குத் தனி இருக்கை கிடையாது. இரண்டு வயது நிறையாத குழந்தை மடியில்தான் உட்கார வேண்டும், அதற்கென்று ஒரு கட்டணம், வயதைக் காட்டப் பிறப்புச் சான்றிதழ்.

புறப்படுவதற்கு முதல் நாள் சாயங்காலம் பேத்திக்கு மூக்கு ஒழுகத் தொடங்கியது. ராத்திரி காதைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள். உடம்பும் லேசாகச் சுட்டது.

"நாளைக்குப் போக வேண்டாம்மா" என்றேன்.

"சாதாரண சளிதானேப்பா. ஒரு மணி நேரப் பயணம்."

"வேண்டாம்னா வேண்டாம். டிக்கெட்டை ரத்து பண்ணு."

பணத்தில் பெரும்பகுதி திரும்ப வராது என்றாள். போனால் போகட்டும், என் பென்ஷனிலிருந்து தருகிறேன் என்றேன். என் குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது. பேரன் "விமானம் இல்லையா தாத்தா?" என்று அழ ஆரம்பித்தான். மகளுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னப்பா ஆச்சு உங்களுக்கு? எதுக்கு இவ்வளவு பதட்டம்?" என்று கேட்டாள்.

சொல்லாமல் தீராது என்று தெரிந்தது. பிள்ளைகள் தூங்கிய பிறகு சொன்னேன். அவளிடம் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

1989ஆம் வருடம். என் அண்ணன் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து போனவர். எங்கள் ஊர்ப் பேச்சில் 'சொல்தா'. பாரிஸ் பக்கத்தில் வீடு வாங்கியிருந்தார். "நீ பிரெஞ்சு படித்தவன், ஒரு தரமாவது இந்த நாட்டைப் பார்க்க வேண்டாமா" என்று எங்கள் நால்வருக்கும் டிக்கெட் அனுப்பினார். நான், மனைவி, நான்கு வயது மகள், எட்டு மாதக் கைக்குழந்தையாக மகன். கைக்குழந்தைக்குப் பெரியவர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு என்று அண்ணன் கடிதத்தில் எழுதியிருந்தார். எழுத்தர் சம்பளத்தில் அந்தப் பத்தில் ஒரு பங்கே எனக்கு மலைதான்.

அலுவலகத்தில் அனுமதி, பாஸ்போர்ட், விசா என்று மூன்று மாதம் அலைந்து, பேருந்தில் சென்னை, அங்கிருந்து உள்நாட்டு விமானத்தில் பம்பாய். உள்நாட்டு நிலையம் சாந்தாகுரூசில், வெளிநாட்டு நிலையம் சகாரில். மூட்டைகளோடும் இரண்டு பிள்ளைகளோடும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய், நள்ளிரவு வரை பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருந்தோம். குளிரூட்டிய கூடத்தில் மகளுக்குச் சளி பிடித்துக்கொண்டது. மனைவி தன் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அந்தக் காலத்தில் விமானத்திலேயே புகை பிடிக்கலாம். பின் வரிசைகளில் அதற்கென்று இடம். எங்களுக்குக் கிடைத்த இருக்கை அதற்கு நாலு வரிசை முன்னால். சளிப் பிடித்த பிள்ளைக்கு அந்தப் புகையும் சேர்ந்தது.

நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? புது கோட்டு போட்டுக்கொண்டு, பணிப்பெண்ணிடம் பிரெஞ்சில் பேசிக்கொண்டிருந்தேன். பள்ளியில் முழுக்கப் பிரெஞ்சு வழியில் படித்தவன். ஆனால் நான் வேலைக்குப் போன காலத்தில் கோப்புகளில் ஆங்கிலம்தான். இருபது வருடம் துருப்பிடித்த மொழி, அந்த விமானத்தில் எனக்குக் கொம்பு முளைத்த மாதிரி. பக்கத்து வரிசையில் ஒரு வயதான பிரெஞ்சு அம்மையார், முன் வரிசையில் சூட் போட்ட இரண்டு பேர். நாங்களும் நாகரிகம் தெரிந்தவர்கள்தான் என்று அவர்களுக்குக் காட்ட வேண்டும் என்பதுதான் ராத்திரி முழுவதும் என் எண்ணம்.

விடியற்காலை. பாரிஸ் நெருங்கி விமானம் இறங்கத் தொடங்கியது. மனைவி மகனுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவன் பாட்டுக்குக் குடித்துக்கொண்டிருந்தான். மகள் என் பக்கத்தில் நல்ல தூக்கம். சட்டென்று விழித்தவள் வீறிட்டாள். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு அப்படி ஓர் அலறல். முதலில் "என்னம்மா, என்னம்மா" என்றேன். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. முன் வரிசையிலிருந்து ஒரு தலை திரும்பியது. பிறகு இன்னொன்று. எனக்கு மானம் போயிற்று.

"தெ துவா!" என்றேன். வாயை மூடு என்று பிரெஞ்சில் அர்த்தம். அவளுக்கு ஒரு வார்த்தை பிரெஞ்சு தெரியாது. நான் அதை அவளுக்காகச் சொல்லவில்லை. திரும்பிய தலைகளுக்காகச் சொன்னேன். அவள் நிறுத்தவில்லை. மறுபடி "தெ துவா!" என்று சொல்லி, கன்னத்தில் ஓர் அறை விட்டேன்.

அடித்த பிறகும் அவள் நிறுத்தவில்லை. பக்கத்து வரிசை அம்மையார் எட்டித் தன் தண்ணீர்க் குவளையை அவள் வாயருகே கொண்டுபோனார். தானும் விழுங்கிக் காட்டி, அவளையும் ஒவ்வொரு வாயாக விழுங்க வைத்தார். கொஞ்சம் கொஞ்சமாக அலறல் விம்மலாக அடங்கியது. பிறகு என்னைப் பார்த்து, குழந்தைக்குக் காது வலிக்கிறது ஐயா, என்று மட்டும் சொன்னார். அழகான, தெளிவான பிரெஞ்சு. ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது.

அண்ணன் அன்று சாயங்காலமே மருத்துவரிடம் கூட்டிப் போனார். செவிப்பறை சிவந்து வீங்கி, உள்ளே நீர் கோத்திருந்தது. மருந்து கொடுத்தார். பத்து நாளில் சரியாகிவிட்டது. என் மனைவி அதிகம் பேசுகிறவள் இல்லை. அன்று ராத்திரி ஒன்றே ஒன்று கேட்டாள்: "பிள்ளைக்குத் தெரியாத பாஷையில எதுக்குத் திட்டினீங்க?" அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

இதில் எனக்கு இன்னொரு வெட்கமும் உண்டு. காதைப் பற்றி நான் பள்ளியில் படித்திருந்தேன். நடுக்காதிலிருந்து தொண்டைக்குப் போகும் மெல்லிய குழாய்க்கு யூஸ்டேஷியன் குழாய் என்று பெயர். பதினாறாம் நூற்றாண்டில் அதை விவரித்து எழுதிய யூஸ்டாச்சி என்ற இத்தாலிய மருத்துவரின் பெயர். பிரெஞ்சில் 'த்ரோம்ப் தெஸ்தாஷ்'. அந்த 'த்ரோம்ப்' என்ற சொல்லுக்கே யானையின் தும்பிக்கை என்றும் பொருள் உண்டு. படம் வரைந்து, பாகம் குறித்து, இருபதுக்குப் பதினாறு வாங்கினவன் நான். அந்தக் குழாய் சாதாரணமாக மூடியிருக்கும், விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் திறக்கும் என்று பரீட்சையில் எழுதியவன். என் பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு அழுதபோது அந்தப் படம் நினைவுக்கு வரவில்லை.

ஏற்காட்டுக்கு வந்த பிறகுதான் அந்தப் பாடம் எனக்கு உண்மையில் புரிந்தது. சேலம் கிட்டத்தட்ட 900 அடி உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு 5,000 அடிக்குச் சற்றுக் குறைவு. ஏறும்போது வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது. நடுக்காதில் அடைபட்ட காற்று விரிந்து, குழாயைத் தானே தள்ளித் திறந்துகொண்டு வெளியேறிவிடும். அதனால் அதிக வலி இல்லை. இறங்கும்போதுதான் வில்லங்கம். வெளியே அழுத்தம் கூடுகிறது, செவிப்பறையை உள்நோக்கி அமுக்குகிறது. காற்று தானாக உள்ளே போகாது. நாம் விழுங்கிக் குழாயைத் திறந்துவிட வேண்டும். சிறு பிள்ளைகளுக்கு அந்தக் குழாய் குறுகலாகவும் படுக்கையாகவும் இருக்கும். சளி பிடித்துவிட்டால் வீங்கி அடைத்தே போகும்.

விமானம் முப்பதாயிரம் அடிக்கு மேல் பறந்தாலும், உள்ளே காற்றை அடைத்து 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருக்கிற அழுத்தத்தில் வைத்திருப்பார்கள். அதாவது விமானத்துக்குள் உட்கார்ந்திருப்பவர், நம் சேர்வராயன் கோயில் உச்சியைவிடக் கொஞ்சம் உயரமான ஒரு மலையில் உட்கார்ந்திருப்பதாகத்தான் கணக்கு. அந்த மலையிலிருந்து நிமிடத்துக்குச் சுமார் 300 அடி வீதம் காதை இறக்குகிறார்கள். நம் பேருந்து வளைந்து வளைந்து நிமிடத்துக்கு நூறு அடிகூட இறங்குவதில்லை. அதற்கே பிள்ளைகள் அழுகின்றன. நான்கு வயதுப் பிள்ளை, சளியோடு, தூங்கிக்கொண்டே, ஒரு வாய்கூட விழுங்காமல் அந்த இறக்கத்தில் மாட்டியிருக்கிறாள். பால் குடித்துக்கொண்டே வந்த தம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை.

இவ்வளவையும் சொல்லி முடித்தேன். மகள் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அடிச்சது எனக்கு ஞாபகமே இல்லப்பா" என்றாள்.

எனக்கு ஒரு கணம் நிம்மதியாக இருந்தது.

"ஆனா அந்த வார்த்தை ஞாபகம் இருக்கு. 'தெத்துவா'. அது விமானத்துல இருக்கிற ஒரு பேயோட பேருன்னு நினைச்சிருந்தேன். அது வந்துதான் காதைப் பிடிச்சிச்சுன்னு. ரொம்ப நாள் ராத்திரியில பாத்ரூம் போகக்கூட பயம். அம்மாவை எழுப்பிக் கூட்டிட்டுப் போவேன். அம்மாகிட்ட கேளுங்க…" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டாள். கேட்பதற்கு அவள் அம்மா இல்லை.

முப்பத்தைந்து வருடம் நான் அந்த அறையை நினைத்து வருந்திக்கொண்டிருந்தேன். பிள்ளை மனதில் தங்கியது அறை அல்ல. என் பெருமைக்காக நான் உதிர்த்த ஒரு வார்த்தை பேயாகப் போய் அங்கே உட்கார்ந்திருந்தது. "மன்னிச்சுக்கம்மா" என்றேன். இந்த வயதில் அந்தச் சொல் வாயில் வரச் சிரமப்பட்டது. அவள் "சரி விடுங்கப்பா" என்று சொல்லிவிட்டு, மருமகனுக்குத் தொலைபேசியில் அழைத்து டிக்கெட்டை ரத்து செய்யச் சொன்னாள்.

மறுநாள் குழந்தை மருத்துவரிடம் போனோம். விளக்கு வைத்துக் காதைப் பார்த்தார். தொற்று ஆரம்பித்திருக்கிறது, வராமல் விட்டது நல்லது என்றார். பிறகு அவர் சொன்னவற்றை, பேரப்பிள்ளைகளோடு விமானம் ஏறப்போகும் என் வயதுக்காரர்களுக்காக எழுதிவைக்கிறேன். காய்ச்சல், காதுவலி இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். வெறும் மூக்கொழுகல் என்றால் மருத்துவர் காதைப் பார்த்துச் சொல்லட்டும். மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு உதவும். விமானம் கிளம்பும்போதும், முக்கியமாக இறங்கும்போதும், கைக்குழந்தைக்குப் பால் கொடுங்கள், தாய்ப்பாலோ புட்டிப்பாலோ. அதற்காக ஒரு வேளைப் பாலை இறங்கும் நேரத்துக்கு ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கான பாலைப் பாதுகாப்புச் சோதனையில் தடுக்க மாட்டார்கள். இறங்கத் தொடங்கும் முன் தூங்கும் பிள்ளையை எழுப்பிவிடுங்கள், தூக்கத்தில் விழுங்குவது குறைவு. சற்றுப் பெரிய பிள்ளைக்குத் தண்ணீரை ஒரேயடியாகக் குடிக்கவிடாமல் சிறிது சிறிதாகக் கொடுங்கள். நான்கு வயதுக்குக் கீழே கெட்டி மிட்டாய் வேண்டாம், தொண்டையில் சிக்கும். அக்கம்பக்கத்தில் யாராவது "ஒரு மூடி சளி சிரப் கொடுத்தால் வழியெல்லாம் தூங்கும்" என்பார்கள். எங்கள் பக்கத்து வீட்டிலும் சொன்னார்கள். பிள்ளையைத் தூங்கவைக்க மருந்து கொடுக்கவே கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொன்னார்.

இரண்டு வாரம் கழித்து, காது சரியாகிவிட்டது என்று அவர் சொன்ன பிறகு காமலாபுரம் போனோம். இறக்கை தலைக்கு மேலே, பக்கத்துக்கு ஒரு விசிறி சுற்றும் சின்ன விமானம். முன்பக்கம் போன பேரனைத் திருப்பிப் பின்பக்கப் படியில் ஏற்றினார்கள். மகளின் பெல்ட்டோடு கோத்து ஒரு குட்டி பெல்ட்டைப் பேத்தியின் இடுப்பில் மாட்டினார்கள். மேலே எழும்பியதும் பேரன் ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு, "தாத்தா, அது நம்ம மலையா?" என்றான். நம் மலைதான். கீழே இருந்து பார்த்தால் மிரட்டுகிற மலை, மேலிருந்து பச்சைத் துணியைக் கசக்கிப் போட்ட மாதிரி இருந்தது.

சென்னைக்கு இறங்கும் அறிவிப்பு வந்தது. மகள் பால் புட்டியை எடுத்தாள். நான் பேரனுக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன். எல்லாம் பாடப் புத்தகப்படி. ஆனால் பேத்தி புட்டியைத் தட்டிவிட்டு அழத் தொடங்கினாள். முன் வரிசையிலிருந்து ஒரு தலை திரும்பியது. சட்டை மடிப்புக் கலையாத இளைஞர்.

என் கழுத்து சூடேறியது. எழுபத்தைந்து வயதிலும் அது போகவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தத் தடவை வாயில் தமிழ்தான் வந்தது. "பாப்பாவுக்குக் காது அடைக்குது தம்பி. கொஞ்ச நேரத்துல சரியாயிடும்" என்றேன். அவர், "பரவாயில்ல சார், எனக்கும் அடைக்குது" என்று தன் காதைத் தொட்டுக் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டார். மகள் புட்டியை மறுபடி வைத்தாள். நாலைந்து வாய் உள்ளே போனது. அழுகை நின்றது.

விடுமுறை முடிந்து ரயிலில் சேலம் வந்து, பேருந்தில் மலை ஏறினோம். பன்னிரண்டாவது வளைவோ என்னவோ, பேரன் வாயை ஆவென்று திறந்து பெரிதாக ஒரு கொட்டாவி விட்டான்.

"தூக்கம் வருதாடா?" என்றேன்.

"இல்ல தாத்தா. காதைத் திறந்துவிடுறேன்" என்றான். பிறகு பக்கத்து சீட்டில் சிணுங்கிக்கொண்டிருந்த ஒரு குட்டிப் பெண்ணைப் பார்த்து, தானும் விழுங்கிக் காட்டி, "இப்படிப் பண்ணு" என்றான்.

என் மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள்.